அழித்துவிட்ட வரி

அன்புள்ள சார்,

எனக்கு வயது 31. மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. எட்டு மாதமாக ஒரு டேட்டிங் ஆப்பில் இருக்கிறேன். முதல் ஐந்து மாதம் ஒன்றும் நகரவில்லை. நான் எழுதினால் இரண்டே நாளில் பேச்சு நின்றுவிடும். அப்புறம் ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்க ஆரம்பித்தேன். இப்போது ஏழு வாரமாக ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு புரிந்துகொண்டு பேசும் ஆளை இதுவரை பார்த்ததில்லை என்கிறார். அடுத்த வாரம் நேரில் சந்திப்பதாக இருக்கிறோம். நேரில் எனக்கு அப்படிப் பேச வராது. பயமாக இருக்கிறது.

வேலையிலும் இதே கதைதான். இரண்டு நாள் பிடித்த வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மேனேஜருக்குத் தெரியாது. மீதி நேரம் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் வாங்கும்போது கூசுகிறது. ஆப்புக்கும் மாதாமாதம் பணம் போகிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு சேர்ந்த பிறகு அவரைச் சந்தித்தால் போதும் என்றும் சில சமயம் தோன்றுகிறது. நான் செய்வது எல்லாமே ஏமாற்று வேலையா? ஒரு நாள் உரையாடலை மட்டும் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

இணைத்திருந்த உரையாடலைப் படித்தேன். அதில் அந்தப் பெண் எழுதியதை இங்கே அப்படியே போடவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லையே. சாரம் இவ்வளவுதான்: அப்பாவை ஸ்கேனுக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள், தான் வெளியே உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார். மூன்று சின்ன வரிகள். எதையும் கேட்கவில்லை.

உங்கள் பெயரில் போன பதில் நான்கு பத்திகள். காத்திருப்பின் கனத்தைப் பற்றி ஒன்று, அவருடைய உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை என்று ஒன்று, மன உறுதி பற்றி ஒன்று. கடைசியில் மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று மூன்று குறிப்புகள். ஒரு பிழை கிடையாது. ஆனால் வரவேற்பு மேஜையில் அடுக்கி வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தைப் படித்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே, நீங்கள் முதலில் தட்டச்சு செய்து பிறகு அழித்துவிட்ட வரியையும் எனக்காகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். "எத்தனை மணிக்கு முடியும்? போன் பண்ணவா?" ரொம்ப மொட்டையாக இருந்ததால் அழித்தேன் என்கிறீர்கள்.

எனக்கென்னவோ, நீங்கள் எனக்கு அனுப்பியதிலேயே உருப்படியான வரி அதுதான் என்று படுகிறது. எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டவன் அந்த மணியை நினைவில் வைத்திருந்தாக வேண்டும். நாலரைக்கு என்று அவர் சொல்லியிருந்தால், நாலே முக்காலுக்கு நீங்கள் போனைக் கையில் எடுத்திருப்பீர்கள். அந்த நான்கு பத்திகளுக்குப் பிறகு யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. அனுப்பியதும் உங்கள் வேலை முடிந்தது, நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி விஞ்ஞானி 'எலைசா' என்ற உரையாடல் நிரல் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் எளிய தந்திரம்தான் அது. அவர் மாதக்கணக்கில் அதை உருவாக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் கொஞ்ச நேரம் பேசியதும், நீங்கள் சற்று வெளியே இருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டாராம். வைசன்பாம் ஆடிப்போனார். பின்னாளில் இந்தத் துறையையே கடுமையாக விமர்சிப்பவராக ஆனார். ஆனால் அந்தச் செயலாளருக்கு எதிரே இருப்பது இயந்திரம் என்று தெரியும். தெரிந்தேதான் பேசினார். உங்கள் தோழிக்கு அது தெரியாது. உங்களைக் கூச வைப்பது இதுதான், கூசத்தான் வேண்டும்.

இன்றைய ஏஐ எலைசாவைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதைப் பழக்கும் விதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, அந்த விருப்பத்தை நோக்கி அதைத் திருத்துகிறார்கள். அதனால் கேட்பவருக்கு இதமாகப் பேசுவதும் எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுவதும் அதற்குச் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் சாட்ஜிபிடியின் ஒரு மேம்படுத்தலை, அது அளவுக்கு மீறிக் காக்காய் பிடிக்கிறது என்பதற்காகவே திரும்பப் பெற வேண்டியிருந்தது. அப்படிப் பழகியது எழுதும் கடிதம் ஒருவருக்குப் பிடித்துப்போவதில் என்ன ஆச்சரியம்? அவரும் தன் பங்குக்கு ஏஐயிடம் எழுதி வாங்கியிருந்தால் என்னாவது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இரண்டு இயந்திரங்கள் ஏழு வாரமாக ஒன்றையொன்று தேற்றிக்கொண்டிருந்திருக்கும்! ஆனால் அந்த மூன்று வரி அப்படி எழுதி வாங்கியதாகத் தெரியவில்லை.

சந்திப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எனக்கு எழுத வராது, பயத்தில் ஏஐயிடம் எழுதி வாங்கி அனுப்பினேன், இனி இல்லை. இவ்வளவு போதும். தயவுசெய்து இந்த மன்னிப்பையும் அதனிடம் எழுதி வாங்காதீர்கள். அவர் கோபப்படலாம், சந்திப்பே வேண்டாம் எனலாம். அது அவர் உரிமை. அவரைச் சமாதானப்படுத்த நான் வழி சொல்லப்போவதில்லை.

ஆன்லைனில் பார்ப்பதே தப்பு என்று சொல்லும் ஆள் இல்லை நான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2017-இல் சந்தித்து இணைந்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் பேர் ஆன்லைனில் சந்தித்தவர்கள். நண்பர்கள் மூலம் அறிமுகமானவர்களைவிட அதிகம். அதே சமயம், உங்கள் முதல் ஐந்து மாதத் தோல்விக்கு உங்கள் எழுத்துதான் காரணம் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? ஓகே க்யூபிட் என்ற டேட்டிங் தளம் 2014-இல் தானே ஒரு சோதனையை ஒப்புக்கொண்டது. தன் கணக்குப்படி 30 சதவீதமே பொருந்தும் ஜோடிகளிடம், உங்களுக்குள் 90 சதவீதப் பொருத்தம் என்று பொய் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் நம்பி, கூடுதலாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு பேச்சு தொடர்வதில் எழுத்தைத் தவிர இத்தனை சங்கதி இருக்கிறது. யார் முகம் யாருக்கு முன்னால் வர வேண்டும் என்று தீர்மானிப்பது ஆப். அதில் முன்னுக்கு வரத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். உங்களுக்குத் துணை கிடைத்துவிட்டால் அவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

வேலை விஷயம் வேறு. அதையும் இதையும் ஒரே கூச்சத்தில் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். பிழை தேட நீங்கள் கொடுக்கும் டெஸ்டை யார் எழுதினார்கள் என்பது அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்குத் தேவையில்லை. பிழை பிடிபட்டதா என்பதே அவர் கவலை. ஒரு காலத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கணினி வாங்கியதும், திருத்தம் வந்தால் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்கும் வேலை ஒழிந்தது. மிச்சமான நேரம் முழுக்க எனக்கு. பிறகு மாதச் சம்பளத்துக்குப் போனேன். அங்கே சீக்கிரம் முடித்தால் கிடைத்த பரிசு, இன்னொரு கோப்பு. மூன்றாவது மாதம் நானும் உங்களைப் போல மெதுவாக முடிக்கக் கற்றுக்கொண்டேன். நூறு ஆண்டுகளில் மனிதர்களுக்கு வாரம் 15 மணி நேர வேலை போதும் என்று 1930-இல் எழுதினார் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ். இன்னும் நாலைந்து வருடம்தான் பாக்கி. உற்பத்தி பெருகும் என்று அவர் போட்ட கணக்கு பெரும்பாலும் சரி. மிச்சமாகும் நேரம் யார் கைக்குப் போகும் என்ற கணக்குதான் பிசகியது. ஆகவே அந்த மூன்று மணி நேரத்துக்காக உங்களைத் திருடன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயத்தில் உண்மையாகவே பயப்படுங்கள். நிறுவனத்தின் நிரலையோ வாடிக்கையாளர் தகவலையோ அனுமதியில்லாமல் வெளியே இருக்கும் ஏஐயில் ஒட்டியிருந்தால், அது மெதுவாக வேலை செய்வதுபோல் சின்ன விஷயம் அல்ல. உடனே நிறுத்துங்கள். இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நிரலைக் கொடுத்து டெஸ்ட் எழுதச் சொன்னால், நிரலில் இருக்கும் தவறையே சரி என்று எடுத்துக்கொண்டு அதற்குத் தோதாக அது டெஸ்ட் எழுதிவிடுவதுண்டு. ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பச்சை, அதாவது பிழையே இல்லை என்று காட்டும். இங்கேயும் ஆமாம் போடுகிறது, பாருங்கள். என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் தனியாக யோசித்து வைத்திருக்க வேண்டும். மிச்சமாகும் நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் அதைச் செய்யலாம்.

பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆப்புக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், ஒருவரைச் சந்திக்கப் போகும் நேரத்தில் அது எதற்கு? சேமிப்பு சேரட்டும் என்பது வெறும் சாக்கு, உங்களுக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும், அந்தப் பெண்ணைச் சந்தேகித்துச் சொல்லவில்லை. நேரில் பார்க்காத ஒருவர் எந்தக் காரணத்துக்காகப் பணம் கேட்டாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். காதல் மோசடிகளில் மக்கள் இழந்ததாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்துக்கு 2023-இல் மட்டும் வந்த புகார்களின் மொத்தத் தொகை 114 கோடி டாலர். அந்த மோசடிக்காரர்களும் அழகான நான்கு பத்தி எழுதக்கூடியவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். அந்த ஸ்கேன் நடந்து பதினொரு நாள் ஆகிறது. அவர் அப்பாவுக்கு என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. கேட்டீர்களா?