கேட்டவர் உங்கள் ஆள்தான்

கேள்வி: அமெரிக்காவின் புதிய அதிபர் டிரம்ப் 2017 பிப்ரவரி 16 அன்று நடத்திய பிரஸ் மீட்டை முழுக்கப் பார்த்தேன். பத்திரிகைக்காரர்களை நிற்க வைத்து விளாசிவிட்டார். பார்த்தவர்களில் பாதிப் பேர் 'இவரல்லவா தலைவர்' என்கிறார்கள். மீதிப் பேர் 'புத்தி பேதலித்தவர்' என்று சிரிக்கிறார்கள். நான் முதல் கட்சி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்ய, யாருமே தேர்ந்தெடுக்காத செய்தியாளர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நீங்களும் பத்திரிகைக்காரர் என்பதால் அவர்கள் பக்கம்தான் பேசுவீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

பதில்: உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். அந்த வாரமே எழுதியிருந்தால் நீங்கள் சொல்லும் இரண்டு கட்சிகளில் ஒன்றில் நானும் போய் நின்றிருப்பேன். கைத்தட்டலும் சிரிப்பும் அடங்கட்டும், அன்றைக்குக் கேட்ட கேள்விகளெல்லாம் என்ன ஆகின்றன என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது 2017 மார்ச் மாதக் கடைசி. பார்த்தாயிற்று.

ஆமாம், நான் அவர்கள் பக்கம்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஏன் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்திப்பு மொத்தம் 77 நிமிடம். தொழிலாளர் துறைக்கு அலெக்சாண்டர் அகோஸ்டாவை முன்மொழிவதை அறிவிக்கத்தான் கூட்டினார்கள். அது சில வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃபிளின் பதவி விலகியிருந்தார். ரஷ்யத் தூதருடன் பேசியதைப் பற்றித் துணை அதிபரிடமே சரியாகச் சொல்லவில்லை என்பது காரணம். ஒரு வாரம் முன்னால், ஏழு நாட்டு மக்கள் நுழையத் தடை போட்ட ஆணையை மீண்டும் அமலுக்குக் கொண்டுவர மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்திருந்தது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அதிபர் எதிரே வந்து நிற்கும்போது செய்தியாளர்கள் வேறு எதைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள்?

அந்த 77 நிமிடத்தில் ஒரு இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் பிரதிநிதிகள் அடங்கிய தேர்வாளர் குழு. தனக்கு அதில் 306 வாக்குகள் கிடைத்தன, ரொனால்ட் ரீகனுக்குப் பிறகு இதுதான் பெரிய வெற்றி என்று டிரம்ப் சொன்னார். என்பிசி தொலைக்காட்சியின் பீட்டர் அலெக்சாண்டர் எழுந்தார். ஒபாமா 2008இல் 365 வாங்கினாரே என்றார். நான் குடியரசுக் கட்சிக்காரர்களைச் சொன்னேன் என்றார் அதிபர். மூத்த ஜார்ஜ் புஷ் 1988இல் 426 வாங்கினாரே, அவர் குடியரசுக் கட்சிதானே என்றார் இவர். எனக்குக் கொடுத்த தகவல் அது, எனக்குத் தெரியாது என்றார் அதிபர். அப்படியானால் அமெரிக்க மக்கள் உங்களை எப்படி நம்புவது என்று அலெக்சாண்டர் கேட்டார். அதற்கும் வந்தது அதே பதில்தான். கூடவே, பெரிய வெற்றிதானே, ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

அலெக்சாண்டர் குரலை உயர்த்தவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய எண்களை நினைவில் வைத்துக்கொண்டு வந்து, நாட்டின் தலைவர் முகத்துக்கு நேரே சொன்னார், அவ்வளவுதான். டிசம்பரில் தேர்வாளர்கள் உண்மையில் போட்டபோது டிரம்புக்கு 304தான் வந்தது. ஜெயிக்க 270 போதும். ஜெயித்தார், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஜெயித்தவர் அதைப் பெரிதாக்கிச் சொல்லத் தேவையே இல்லாத ஒரு எண்ணைச் சொன்னார், சரிபார்க்காமல் சொன்னார், தவறு என்று காட்டியதும் திருத்திக்கொள்ளவில்லை. இதில் 'விளாசினார்' என்று நீங்கள் கைதட்டியது எந்த நொடியில் என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

யூதர்களுக்காக வெளிவரும் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர் கேட்டதற்கு என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். யூத சமூக மையங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் வருகிறது, அரசு என்ன செய்யப் போகிறது என்பதுதான் அவர் கேள்வி. அதிபர் மீது குற்றம் சாட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள், இது நியாயமான கேள்வி இல்லை, உட்காருங்கள் என்று அதிபர் அடக்கிவிட்டார். நானே யூத விரோதம் துளியும் இல்லாதவன் என்று தன்னைப் பற்றிப் பேசினார். கேட்டது அவரைப் பற்றியே அல்ல. மிரட்டலுக்கு ஆளானவர்களைப் பற்றி.

அப்புறம் என்ன ஆயிற்று? ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் நின்று அதே மிரட்டல்களைக் கண்டித்தார். 28ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன்னால் ஆற்றிய உரையின் தொடக்கத்திலேயே மறுபடி கண்டித்தார். உட்கார வைத்த கேள்விக்கு இரண்டு முறை எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது. அதே பிப்ரவரி 16 அன்று, நகர்ப்புறத் திட்டங்கள் பற்றிக் நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர் குழுவுடன் பேசுவீர்களா என்று கேட்ட கறுப்பினப் பெண் செய்தியாளர் ஏப்ரல் ரையனிடம், அவர்கள் உங்கள் நண்பர்களா, நீங்களே சந்திப்புக்கு ஏற்பாடு செய்யுங்களேன் என்றார். தான் வெறும் செய்தியாளர்தான் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. கறுப்பினத்தவர் என்றால் ஒருவருக்கொருவர் நண்பர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு அதில் இருந்தது. எனக்கு அதைக் கேட்கவே வேதனையாக இருந்தது. இந்த மார்ச் 22ஆம் தேதி அந்தக் குழுவின் நிர்வாகிகளை அதிபர் வெள்ளை மாளிகையில் சந்தித்தார்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, உரிமை. செய்தியாளரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது சரி. அதனால்தான் அவரிடம் கேட்பதைத் தவிர வேறு எந்த அதிகாரமும் இல்லை. வரி போட முடியாது, ஆணை பிறப்பிக்க முடியாது, யாரையும் விமானத்திலிருந்து இறக்க முடியாது. இதையெல்லாம் செய்யக்கூடியவரிடம் ஏன் என்று கேட்கலாம். கேட்பதோடு சரி.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் பிரதமர், அவை கூடும் ஒவ்வொரு புதன்கிழமையும் நாடாளுமன்றத்தில் எழுந்து எதிர்க்கட்சியின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அதிபருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவர் அவை உறுப்பினர் அல்ல. அங்கே போய் உரை நிகழ்த்திவிட்டு வருவார், குறுக்குக் கேள்வி கிடையாது. ஆக, நாட்டின் மிகப் பெரிய அதிகாரத்தை வைத்திருப்பவரை நேருக்கு நேர், எல்லோரும் பார்க்க ஒரு மனிதர் கேள்வி கேட்கும் இடம் இந்தச் செய்தியாளர் சந்திப்பு மட்டும்தான். அதற்கும் சட்டம் எதுவும் கிடையாது. 1913 மார்ச்சில் அதிபர் உட்ரோ வில்சன் தொடங்கி வைத்த வழக்கம் அது. சட்டத்தில் இருப்பதைப் பறித்தால் நீதிமன்றம் போகலாம். வழக்கத்தில் இருப்பதை மக்கள் சிரித்து விரட்டினால் எங்கே போவது?

பார்ப்பவர்கள் இப்படிக் கட்சி பிரிந்து கைதட்டுவது எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். 1955இல் அதிபர் ஐசன்ஹோவர் சந்திப்பைப் படம் பிடிக்க அனுமதித்தபோதுகூட வெள்ளை மாளிகை பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஒளிபரப்பினார்கள். 1961 ஜனவரி 25 அன்று கென்னடிதான் முதன்முதலாக நேரலையில் வந்தார். அன்றிலிருந்து மக்கள் பதிலைப் படிப்பதற்குப் பதிலாக முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் மடக்கினார், யார் மடங்கினார் என்பதே பேச்சாகிவிட்டது. 1974 மார்ச்சில் ஹூஸ்டனில் அதிபர் நிக்சன் முன்னால் சிபிஎஸ் செய்தியாளர் டான் ராதர் எழுந்தபோது அரங்கில் கைத்தட்டலும் கூச்சலும் சேர்ந்தே எழுந்தன. நீங்கள் ஏதாவது தேர்தலில் நிற்கிறீர்களா என்றார் நிக்சன். இல்லை ஐயா, நீங்கள் நிற்கிறீர்களா என்றார் ராதர். அதிபரை அவமதித்துவிட்டார் என்று அவர்மேல் பாய்ந்தார்கள். ஆகஸ்ட் மாதம் நிக்சன் பதவி விலகினார். அவரை இறக்கியது அந்தப் பதிலடி அல்ல, வாட்டர்கேட் ஊழலை மூடி மறைக்க அவரே முயன்றார் என்று ஒலிநாடாவில் பதிவாகியிருந்த உண்மை. அதைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ராதரும் ஒருவர்.

பத்திரிகைகள் மீது மக்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஊடகத்தை நம்புகிறோம் என்று சொன்ன அமெரிக்கர்கள் 2016இல் கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் 32 சதவீதம்தான். குடியரசுக் கட்சியினரில் 14 சதவீதம். அது சும்மா வந்த கோபம் அல்ல. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று எழுதியவர்கள் இவர்கள்தான். டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரி ஜெயித்துவிட்டது போலவே 2016 நவம்பர் வரை பேசியவர்களும் இவர்கள்தான். டிரம்ப் பதவியேற்ற அன்றே, மார்ட்டின் லூதர் கிங்கின் மார்பளவுச் சிலையை அதிபர் அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரு செய்தியாளர் தவறாகச் சொன்னார். சிலை அங்கேயேதான் இருந்தது. அவர் அன்றே திருத்தி, மன்னிப்பும் கேட்டார். ஈராக் செய்திகளில் எங்கே தவறினோம் என்று நியூயார்க் டைம்ஸ் 2004இல் தானே எழுதியது, தாமதமாகத்தான் என்றாலும். தவறு எல்லோரும் செய்கிறார்கள். 426 என்ற எண்ணைக் காட்டிய பிறகு அதிபர் என்ன செய்தார் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

சிரிக்கிற கட்சிக்கும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சியில் பார்த்தே ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டுவது கொடுமை, அது வைத்தியமும் அல்ல, அரசியலும் அல்ல. சிரித்தவர்களும் கேள்வியைக் கைவிட்டவர்கள்தான். அன்று எனக்கு மரியாதை வந்தது ஃபாக்ஸ் நியூஸின் ஷெப்பர்ட் ஸ்மித்மீது. டிரம்பின் ஆதரவாளர்கள் அதிகம் பார்க்கும் சேனலில் உட்கார்ந்துகொண்டு, கேள்வி கேட்பதால் நாங்கள் முட்டாள்கள் அல்ல, மக்களுக்குப் பதில் தர வேண்டிய கடமை அதிபருக்கு இருக்கிறது என்றார். போட்டி சேனலுக்காகவும் சேர்த்துத்தான் பேசினார்.

மறுநாளே அதிபர் நியூயார்க் டைம்ஸ், என்பிசி, ஏபிசி, சிபிஎஸ், சிஎன்என் ஆகியவற்றைப் பெயர் சொல்லி, அமெரிக்க மக்களின் எதிரி என்று ட்விட்டரில் எழுதினார். ஒரு வாரத்தில், பிப்ரவரி 24 அன்று, அவருடைய செய்திச் செயலர் நடத்திய சந்திப்பில் அவற்றில் இரண்டையும் வேறு சிலரையும் உள்ளே விடவில்லை. ஏபி செய்தி நிறுவனமும் டைம் பத்திரிகையும், மற்றவர்களை விடாத இடத்துக்கு நாங்களும் வரவில்லை என்று வெளியே நின்றன. 'விளாசிவிட்டார்' என்ற கைத்தட்டல் எந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்று இதில் தெரிகிறது.

கடைசியாக, அந்தத் தேர்தலில் தலையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ரஷ்யா. அன்று திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: உங்கள் தேர்தல் பிரசாரத்தில் இருந்தவர்கள் யாராவது ரஷ்யர்களோடு தொடர்பில் இருந்தார்களா? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை, இதெல்லாம் போலிச் செய்தி என்றார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 2 அன்று, பிரசாரக் காலத்தில் ரஷ்யத் தூதரைச் சந்தித்த செய்தி வெளியானதும், நாட்டின் நீதித் துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அது தொடர்பான விசாரணைகளிலிருந்து தானே விலகிக்கொண்டார். மார்ச் 20 அன்று எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து, டிரம்ப் பிரசாரத்துக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்பு உண்டா என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார். விசாரணையில் என்ன வரும் என்பது வேறு விஷயம், ஒன்றுமே இல்லை என்றும் வரலாம். ஆனால் செய்தியாளர்கள் கேட்ட அதே கேள்வியை அந்த நாட்டின் புலனாய்வுத் துறையும் கேட்டுக்கொண்டிருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வீடியோ இன்னும் கிடைக்கிறது. இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், இந்த முறை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொண்டு. இடப்பக்கம் ஒவ்வொரு கேள்வியையும், வலப்பக்கம் அதற்கு வந்த பதிலையும் எழுதுங்கள். கோபம், கிண்டல், முகபாவம் எதையும் எழுத வேண்டாம், பதிலை மட்டும். எழுதிய தாளை எனக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாற்றாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.