கை காட்டும்போதே ‘குவோ ஹோய்’ சொல்லுங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். ஹாங்காங்கில் சிம் ஷா சுய்யில் தங்கி, வான் சாய் கண்காட்சி மையத்துக்குப் போக மூன்று சிவப்பு டாக்ஸிகளை நிறுத்தினேன். மூவரும் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான்காவது ஆள் 300 ஹாங்காங் டாலர் கேட்டார். என்ன சொன்னால் ஏற்றுவார்கள்?

பதில்: நீங்கள் நின்றது கவுலூன் கரை, வான் சாய் இருப்பது கடலைத் தாண்டி எதிர்க்கரையில், ஹாங்காங் தீவில். சிவப்பு டாக்ஸி இரு கரையிலும் ஓடலாம். ஆனால் காலியாகத் திரும்ப வேண்டுமே என்று பல ஓட்டுநர்கள் தங்கள் கரையை விட்டு நகர்வதில்லை. ஆகவே ஏறும் முன்பே, “ம்-கோய், குவோ ஹோய், வான் ஜை” என்று சொல்லுங்கள். அவர்கள் பேசும் கண்டோனீஸ் மொழியில் தயவுசெய்து, கடல் தாண்டி, வான் சாய் என்று பொருள். ‘ஹோய்’, ‘ஜை’ இரண்டையும் கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கிச் சொல்ல வேண்டும். தூரத்தில் வருகிற வண்டிக்குக் கையை அலைபோல் அசைத்துக் காட்டினாலும் புரிந்துகொள்வார்கள்.

கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கடலுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்கு 25 டாலர். தெருவில் ஏறினால், ஓட்டுநர் திரும்பி வர இன்னொரு 25 கேட்பார். அது ஏமாற்று அல்ல, விதியே அப்படித்தான். ‘கிராஸ் ஹார்பர்’ (கடல் தாண்ட) என்று பலகை போட்ட டாக்ஸி நிறுத்தத்தில் ஏறினால் மட்டும் ஒரே ஒரு 25. அங்கே வரிசையில் நிற்கும் ஓட்டுநர்கள் கடல் தாண்டத்தான் காத்திருக்கிறார்கள். அதே கரையில் பக்கத்துத் தெருவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். உங்களுக்கு அந்த நிறுத்தம்தான் சரி.

மீட்டர் போடாமல் மொத்தமாக விலை சொல்பவரிடம் ஏறவே ஏறாதீர்கள். சிவப்பு வண்டியில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 29 டாலர், பெட்டி ஒன்றுக்கு 6 டாலர். சிம் ஷா சுய்யிலிருந்து வான் சாய்க்கு 300 என்பது பகல் கொள்ளை. விமான நிலையத்தில் உள்ளேயே வந்து “டாக்ஸி, டாக்ஸி” என்று பெட்டியைப் பிடிக்கிறவர்கள் இன்னும் மோசம். முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்து, சிவப்பு வரிசையில் போய் நில்லுங்கள். பச்சை டாக்ஸி வடக்கே உள்ள நியூ டெரிட்டரிஸ் பகுதிக்கு, நீல டாக்ஸி லாண்டாவ் தீவுக்கு.

சவாரி மறுப்பதும் கூடுதலாக வாங்குவதும் குற்றம். 2024 செப்டம்பர் முதல் ஓட்டுநர்களுக்குத் தண்டனைப் புள்ளிகள்கூட உண்டு. ஆனால் இரண்டு நாளில் ஊர் திரும்புகிறவர் எங்கே போய்ப் புகார் கொடுத்து, எப்போது வந்து சாட்சி சொல்வது? கரைக்குக் கரை இப்படி வழக்கம் இருக்கிறது என்று வந்திறங்கும் இடத்திலேயே நாலு வரி பெரிதாக எழுதி வைத்தால் என்ன கெட்டுவிடும்? எத்தனையோ பேருக்கு இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

விடுதி வரவேற்பில் சொல்லி, போகுமிடத்தைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது “ஸவ் கொய்” என்று ரசீது கேளுங்கள். வண்டி எண் அதில் இருக்கும். சாம்பிள் பையை மறந்து வைத்தால் அந்த எண்ணை வைத்துத்தான் தேட முடியும்.