கல்யாண கேசட்டைப் பார்க்க 8கே டிவி வேண்டுமா?

1994-ல் கோபியில் நடந்த உங்கள் கல்யாண விஹெச்எஸ் கேசட், புதிதாக வாங்கும் 55 அங்குல 8கே டிவியில் தெளிவாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாதுங்க. கேசட்டில் பதிவான நுணுக்கம் சுமார் 240 கோடு அளவுதான். 8கே திரையில் 3.3 கோடிப் புள்ளிகள். இல்லாத விவரத்தை டிவி ஊகித்துத்தான் நிரப்பும். அதோடு, 55 அங்குலத் திரையில் 4கே புள்ளிகளே நாலடிக்குள் போனால்தான் கண்ணுக்குப் பிரிந்து தெரியும். சோபா பத்தடி தள்ளித்தானே கிடக்கும்? 4கே தாராளமாகப் போதும். 8கே சினிமாத் தட்டும் கடைக்கு வரவில்லை; 2016-ல் வந்த 4கே புளூரே தட்டுதான் இன்றும் உச்சம்.

மிச்சப் பணத்தைக் கேசட்டுக்குச் செலவழியுங்கள். இது அவசரம். கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியின் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, சுருளின் விளிம்பில் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் விசிஆரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டையும் கெடுத்துவிடும். சுத்தம் செய்தபிறகுதான் ஓட்டினோம். கல்யாணச் சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்யும் இடத்தில், தலைப்பாகையோடு எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) திரும்பிப் பார்க்கிறார். அவர் அசைந்து நடக்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

கேசட்டை டிஜிட்டல் கோப்பாக மாற்றித் தருகிறவரிடம் 720×576 புள்ளி அளவிலேயே, பெரிதாக்காமல் கேளுங்கள். அப்புறம் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.