1776-இல் எழுதியதைப் படித்தால் என் மகளுக்கு வாதாட வருமா?

உங்கள் மகள் அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில வகுப்பில் வாரக்கணக்கில், பிரிட்டனிடமிருந்து விடுபடுவதாக அமெரிக்கக் காலனிகள் 1776-இல் அறிவித்த சுதந்திரப் பிரகடனமும், அந்த விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெய்னும்தான் ஓடுகிறது, இது வரலாற்றுப் பாடம் அல்லவா, இதனால் கட்டுரை எழுத வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் அதே வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துபவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

வரும். நன்றாகவே வரும்.

சுதந்திரப் பிரகடனத்தைத் தேசபக்தி உரையாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு வழக்காகப் படிக்கவேண்டும். மக்களின் உரிமைகளைக் காக்கத்தான் அரசு, காக்காத அரசை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்பது முதல் படி. பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அந்த உரிமைகளைப் பறித்தார் என்பது இரண்டாவது. ஆகவே இந்தக் காலனிகள் இனி சுதந்திர நாடுகள் என்பது முடிவு. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டவர் மூன்றாவதை மறுக்க வழியில்லை. வகுப்பில் மூன்று பகுதிகளுக்கும் மூன்று நிறம் தீட்டச் சொல்வேன். நடுவில் ஒரே நிறம் நீளமாக ஓடும். அத்தனையும் மன்னர் மீதான குற்றச்சாட்டுகள், மொத்தம் 27.

போன வருடம் அந்த இடத்தில் ஒரு மாணவி கை தூக்கினாள். அதிகம் பேசாத பெண். "சார், உண்மைகளை உலகத்தின் முன் வைக்கிறோம் என்கிறார்கள். ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்று ஒன்றுமே இல்லையே?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! மாசசூசெட்ஸின் முன்னாள் கவர்னரும் மன்னர் பக்கம் நின்றவருமான தாமஸ் ஹட்சின்சன் 1776-இலேயே லண்டனில் இருந்து எழுதிய மறுப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவர் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எதைச் சொல்கிறது, எங்கே நடந்தது என்று கேட்டுக்கொண்டே போகிறார். லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுதந்திரத்தைப் பறித்து வைத்திருக்கும் வர்ஜீனியாக்காரர்களும் கரோலினாக்காரர்களும் எந்த வாயால் உரிமை பேசுகிறார்கள் என்றும் கேட்கிறார். மறுநாள் அந்தப் பெண் ஹட்சின்சன் பக்கம் நின்று வாதாடினாள். பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெபர்சன் பக்கம் இருந்த பையன்கள் திணறிப்போய், அடுத்த வகுப்புக்கு எரிக்கப்பட்ட ஊர்களின் பெயர்களையும் தேதிகளையும் தேடிக்கொண்டு வந்தார்கள். சான்று இல்லாத குற்றச்சாட்டு நிற்காது என்பதை அதற்கப்புறம் நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதியதைத் தூக்கிப் பிடிக்கிறீர்களா?" என்று சிலர் வரக்கூடும். தூக்கிப் பிடிக்கவில்லை, அக்கக்காகப் பிரிக்கிறோம். அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் வரைவில் எழுதிய பத்தியைக் காலனிகளின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் நீக்கியதையும் சேர்த்தேதான் நடத்துகிறேன்.

பெய்னின் 'காமன் சென்ஸ்' என்ற சிறுநூல் 1776 ஜனவரியில் வந்தது. எதிராளியின் பேச்சை எப்படி எதிர்கொள்வது என்று கற்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 'பிரிட்டன் நம் தாய்நாடு ஆயிற்றே' என்கிறார்கள். சரி, தாய் என்றே வைத்துக்கொள்வோம், மிருகங்கள்கூடத் தம் குட்டிகளைத் தின்பதில்லையே என்கிறார் பெய்ன். அடுத்து, அது தாயே இல்லை, ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் நாம் என்று அடித்தளத்தையே உருவுகிறார். முதலில் ஒப்புக்கொண்டு மடக்குவது, பிறகு மறுத்து மடக்குவது. என் மாணவர்கள் இந்த இரட்டை அடியைத் தங்கள் கட்டுரைகளில் கொண்டுவரும்போது உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

வர்ஜீனியாவின் விடுதலைத் தலைவர் பேட்ரிக் ஹென்றியின் 1775 உரையை உணர்ச்சிக்காக எடுக்கிறோம். இன்று நாம் படிக்கும் வடிவம் 1817-இல் வில்லியம் விர்ட் எழுதிய ஹென்றியின் வாழ்க்கை வரலாற்றில் வந்தது, கேட்டவர்களின் நினைவிலிருந்து திரட்டியது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் குறைவு, ஆனாலும் சொல்லவேண்டும். இங்கே வார இறுதி நிகழ்ச்சிகளில் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். பெற்றோர் எழுதித் தருகிறார்கள், பிள்ளை மனப்பாடம் செய்து கையை ஆட்டிப் பேசுகிறது, கோப்பை கொடுக்கிறோம். இறங்கி வந்ததும் 'ஏன் அப்படிச் சொன்னாய்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அம்மா முகத்தைப் பார்க்கும். நடுவராகப் போய் உட்கார்ந்து பலமுறை மனம் நொந்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் நடுவர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம் என்று விதி வையுங்கள் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். என் வகுப்பில் அதே வயதுப் பிள்ளைகள் ஜெபர்சனையே கேள்வி கேட்கிறார்கள், யாரும் பயப்படவில்லை.

தேர்வைப் பற்றிய கவலையும் உங்களுக்கு இருக்கும். ஏபி ஆங்கில மொழித் தேர்வில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) வரும் மூன்று கட்டுரைகளில் ஒன்று அடுத்தவரின் வாதத்தைப் பகுத்து எழுதுவது, இன்னொன்று சொந்தமாக வாதிடுவது. மகள் வகுப்பில் செய்துகொண்டிருப்பது இவை இரண்டையும்தான். வீட்டில் நீங்களும் உதவலாம். 'காமன் சென்ஸ்' மூன்றாம் பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அவள் படிக்கட்டும், நீங்கள் பிரிட்டன் பக்கம் பேசுங்கள், சுலபத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.