மீன் வாடைக்குப் புளி எதற்கு?

கேள்வி: மீன் அரிந்த கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் வாடை போக மாட்டேன் என்கிறது. மாமியார் சொல்கிறாரே என்று புளியைக் கரைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. எப்படி? – வாசகி, தொண்டி

பதில்: உங்கள் மாமியார் பள்ளியில் படிக்காமலே வேதியியல் சொல்லியிருக்கிறார். கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். நாம் மூக்கைப் பொத்துவது இதற்குத்தான். இது ஒரு காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள்), சட்டென்று ஆவியாகக்கூடியது.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். எலுமிச்சை என்றால் சிட்ரிக் அமிலம். அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி அமீனிடம் போய்ச் சேர்ந்ததும் அது மின்சுமை ஏறிய உப்பாகிவிடும். தண்ணீர் மூலக்கூறுக்கும் ஒரு பக்கம் நேர்மின் சாயல், மறுபக்கம் எதிர்மின் சாயல் இருப்பதால் அந்த உப்பைச் சுற்றி வளைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். உப்பு ஆவியாகாது, மூக்குக்கும் வராது.

சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதில் கெட்டி. ஆனால் அதுவே காரம். அமீனை அது உப்பாக்காது, வாடை அப்படியே நிற்கும். சோப்பாவது, காரமாவது என்கிறீர்களா? குழம்பு சிந்தி மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சலவை சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். கறை செங்கல் நிறத்துக்கு மாறும். நன்றாக அலசினால் பழையபடி மஞ்சள். காரத்தைக் கண்டால் சிவப்பது மஞ்சளின் குணம்.

சுறா, திருக்கை வாடை வேறு ரகம். அவற்றின் உடம்பில் யூரியா நிறைய. அது சிதைந்து அமோனியா ஆவதால்தான் பழைய திருக்கையில் மூத்திர நெடி அடிக்கிறது. அமோனியாவும் காரமே, புளிக்கு அதுவும் கட்டுப்படும். அதற்காகக் கெட்டுப்போன மீனை வாங்கிப் புளியில் முக்காதீர்கள். வாடைதான் அடங்கும், கிருமி போட்ட நஞ்சு உள்ளேயே இருக்கும்.

கேள்வி: ஐப்பசி பிறந்தால் ஜாடியில் கல்லுப்பு கசிந்து தண்ணீராக நிற்கிறது. கலப்படமா? – வாசகர், சாயல்குடி

பதில்: கலப்படம் இல்லை, கூடவே வந்த உறவுக்காரர். பெயர் மெக்னீசியம் குளோரைடு. உங்கள் பக்கத்து வாலிநோக்கம் உப்பளத்தில் கேட்டாலே சொல்வார்கள். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது சமையல் உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். அடர்த்தி சுமார் 25 டிகிரி போமேயை (உப்பளத்தில் கரைசலின் அடர்த்தியை அளக்கும் அளவுகோல்) தொட்டதும் சமையல் உப்பு விளையும். மெக்னீசியம் உப்புகள் கடைசிவரை கரைசலிலேயே கிடக்கும். 29, 30 டிகிரிக்குள் அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இன்னும் நாலு கூடை கிடைக்குமே என்று விட்டு வைத்தால் அது கல்லோடு ஒட்டிவந்து, காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுக்கும். உப்பை வெறும் சட்டியில் வறுத்து, ஆறியதும் இறுக மூடி வையுங்கள்.

கேள்வி: பதநீர்க் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள்? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: சுண்ணாம்பும் காரம். சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட்டுக்கு அதில் பிழைப்பு இல்லை. தடவாவிட்டால் கள். அப்புறம் கேள்வியை எனக்கு அனுப்ப வேண்டாம், போலீஸே வந்து கேட்கும்.