கப்பலில் மனாவுஸ் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மனாவுஸ் பற்றித்தான். கடலிலிருந்து 1,500 கிலோமீட்டர் உள்ளே, அமேசான் காட்டுக்கு நடுவில், 20 லட்சம் பேர் வாழும் பிரேசில் நகரம். அவ்வளவு தூரமும் ஆற்றிலேயே ஏறி வந்து பெரிய கப்பல் ஊர் மத்தியில் நிற்கும்.

இரண்டு ஆறுகள் சேருமிடத்தைக் காட்டும் படகுப் பயணத்துக்குக் கப்பலில் 100 டாலர் கேட்கிறார்கள். போகலாமா? (மதுரை)

அதை மட்டும் பார்க்க என்றால் வேண்டாம். மனாவுஸ் இருப்பது ரியோ நெக்ரோ கரையில். அது சொலிமோயிஸ் ஆற்றோடு சேரும் இடம் ஊருக்குக் கீழே பத்துக் கிலோமீட்டரில். கடலிலிருந்து வரும் எந்தக் கப்பலும் அதைக் கடந்துதான் துறைக்கு வர வேண்டும். எத்தனை மணிக்குக் கடக்கிறோம் என்று முதல் நாளே கப்பலில் கேட்டு வையுங்கள். வரும்போது இருட்டாக இருந்தால் திரும்பும்போது பாருங்கள். ஒரு பக்கம் கடுங்காப்பி நிறம், மறுபக்கம் பால் கலந்த டீ நிறம். ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குக் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும். நெக்ரோ மெதுவானது, வெதுவெதுப்பானது. சொலிமோயிஸ் வண்டல் சுமந்து, குளிர்ந்து, வேகமாக வருவது. அதனால்தான் உடனே கலப்பதில்லை.

சிறு படகில் போனால் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். கையை நீரில் விட்டபடி அந்தக் கோட்டைத் தாண்டலாம். விரல் நுனியில் சட்டென்று சில்லிடும். காட்டுக்கும் சேர்த்துக் கூட்டிப் போகும் படகு என்றால் அந்தக் காசு தகும்.

துறையில் இறங்கியதும் கடிகாரத்தை மாற்ற வேண்டுமா? (கோவை)

வரும் வழியிலுள்ள பெலேம், சாந்தரேம் ஊர்களைவிட மனாவுஸ் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். செல்போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். ஏணியைத் தூக்குவது கப்பல் நேரப்படி. கையில் சாதாரண கடிகாரம் கட்டி, அதில் கப்பல் நேரத்தை வையுங்கள். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேனோ, இன்னும் எழுதுவேன்.

இன்னும் 6 நாளில் கிளம்புகிறோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா, சமாளிக்கலாமா? (சென்னை)

எட்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை, போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் செல்லும். பிரேசில் போய்விட்டு அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இதில் சமாளிக்க ஒன்றுமில்லை.

இன்றே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் அட்டை கிடைக்கும். பக்கத்துக் கிளினிக் சீட்டு செல்லாது. நீங்கள் திரும்பும்போது பத்து நாள் தாண்டியிருக்கும், அது ஒரு நிம்மதி. ஆனால் ஏறும்போதே அட்டை கேட்பார்களா என்று கப்பல் நிறுவனத்திடம் இன்றே பேசிவிடுங்கள். அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது என்கிறீர்கள். அவர் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும், அட்டையைத் தொலைக்காதீர்கள்.

துறைமுகச் சுவரில் வருடங்களும் அளவுகளும் எழுதியிருந்தன. என்ன அது? (திருச்சி)

நல்ல கண் உங்களுக்கு. ஒவ்வொரு வருடமும் ரியோ நெக்ரோ எவ்வளவு உயரம் ஏறியது என்ற கணக்கு. 1902 முதல் அளக்கிறார்கள். 2021 ஜூனில் 30 மீட்டரைத் தொட்டது, அதுதான் இதுவரை உச்சம். 2024 அக்டோபர் வறட்சியில் 12 மீட்டருக்கு இறங்கியது. சாதாரண வருடத்திலேயே பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் ஆறு இது. மூன்று மாடி உயரம். அதனால்தான் நூறு வருடத்துக்கு முன்பே ஆங்கிலேயப் பொறியாளர்கள் இங்கே மிதக்கும் துறை கட்டினார்கள். நீங்கள் இறங்கி நடந்ததும் அதன் மேல்தான். ஜூனில் மேலே ஏறி, நவம்பரில் கீழே இறங்கி, ஆற்றோடு சேர்ந்தே கிடக்கும்.

தேவாங்கைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள எவ்வளவு கொடுக்க வேண்டும்? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். (சேலம்)

முதலில், அது தேவாங்கு இல்லை. தேவாங்கு நம் கடவூர்க் காட்டில் இருப்பது. நீங்கள் சொல்வது ஸ்லாத், மரத்தில் தொங்கி மெதுவாக நகரும் தென்னமெரிக்க விலங்கு, அதற்கும் இதற்கும் உறவே கிடையாது.

அடுத்து, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காட்டு விலங்கைப் பிடித்து வைத்திருப்பது பிரேசிலில் குற்றம், 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் துறைக்கு வெளியே அட்டையைக் காட்டிக் கூப்பிடும் ஆட்களின் படகில் ஏறினால், கடைசியில் ஏதாவது ஒரு மிதக்கும் வீட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஸ்லாத், குட்டி முதலை, அனகோண்டா, மூன்றும் காத்திருக்கும்.

விவரம் தெரியாத காலத்தில் நானும் அப்படி ஒரு படகில் போனேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்லாத்தை இடுப்பில் குழந்தையைப் போல வைத்திருந்தாள். எங்கள் படகிலிருந்த இருபது பேரும் வரிசையில் நின்று கை மாற்றி வாங்கினோம். ஒவ்வொருவரிடமிருந்து பிரிக்கும்போதும் அதன் நகங்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அது கத்தவில்லை, திமிறவில்லை. “எவ்வளவு சாது பாருங்கள்” என்றார்கள். பயந்தால் அந்த விலங்கு ஓடாது, அப்படியே உறைந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முகத்தில் தெரியும் சிரிப்பும் சிரிப்பல்ல, முக அமைப்பே அப்படி. மரத்தைவிட்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கும் உயிர் அது. அதை நாள் முழுக்க நூறு கைகள் வாங்கிக் கொடுக்கின்றன. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை.

நாம் காசு கொடுப்பதால்தான் அடுத்த குட்டியைப் பிடிக்கிறார்கள். ஏறும் முன்பே படகுக்காரரிடம் “விலங்கைத் தொட வைக்கும் இடத்தில் நிறுத்துவீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் வேறு படகு பாருங்கள். கப்பலில் வாங்கும் பயணத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பெரிய நிறுவனம் என்று நம்பி விட்டுவிட வேண்டாம்.

பிள்ளைகளை மூசா தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். தூக்கே காப்புக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது, டாக்ஸியில் முக்கால் மணி, ஒரு மணி ஆகும். 42 மீட்டர் கோபுரம், 240 சொச்சம் படி. மேலே நின்றால் மர உச்சிகள் காலுக்குக் கீழே. ஸ்லாத் கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு அது மறக்காது.

என் தாத்தா மலாயாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த மரம் வந்த ஊரை மனாவுஸில் பார்க்க முடியுமா? (கோலாலம்பூர்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தேடும் இடம் மனாவுஸ் இல்லை, சாந்தரேம். 1876-இல் ஆங்கிலேயர் ஹென்றி விக்காம் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோனது அதன் பக்கத்து தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து. லண்டன் கியூ தோட்டத்தில் 2,700 அளவுக்கு முளைத்தன. பெரும்பகுதி இலங்கைக்கு, ஹெனரத்கொடைக்குப் போனது. அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு இருபது கன்று போலப் போயிற்று. பெரும்பாலான அமேசான் கப்பல்கள் சாந்தரேமில் நிற்கும். இறங்கி ஆற்றைப் பாருங்கள்.

மனாவுஸிலும் ஒன்று உண்டு. மரினா தோ தாவீத் துறையிலிருந்து அரை மணிப் படகில், ரப்பர் முதலாளி வீட்டையும் தொழிலாளி குடிசையையும் காட்டும் செரிங்கால் அருங்காட்சியகம். ஒரு திரைப்படத்துக்காகக் கட்டியது, ஆனாலும் வேலை முறையைச் சரியாகக் காட்டுகிறார்கள். தாத்தா வெட்டியது வரிசை வரிசையாக நட்ட மரம். இங்கே காட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு தனி ஆளாக நடந்து வெட்டினார்கள். இங்கே வரிசையாக நட்டுப் பார்த்தபோது இலைக்கருகல் பூஞ்சை பரவி அழித்தது. அந்தப் பூஞ்சை ஆசியாவுக்கு வராததால்தான் மலாயாத் தோட்டங்கள் பிழைத்தன.

ஒபேரா அரங்கத்துக்கு நடந்து போகலாமா? (புதுச்சேரி)

போகலாம். துறையிலிருந்து கால் மணி நேரம், ஏறுவழி. காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. 1896 டிசம்பர் 31-இல் திறந்த கட்டடம், குவிமாடத்தில் 36,000 ஓடுகள். வழிகாட்டியோடுதான் சுற்றிப் பாருங்கள். விடுமுறை நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கப்பல் நேரம்!

கொசு எப்படி? (நெல்லை)

நெக்ரோ அமிலத் தன்மையுள்ள ஆறு, கொசு குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. முழுக்கைச் சட்டை போடுங்கள்.

சைவம் கிடைக்குமா? (கும்பகோணம்)

கிடைக்கும், கேட்கத் தெரிய வேண்டும். “சேம் கார்னி” என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், கோழி வந்துவிடும். “சேம் பிரங்கு, சேம் பெய்ஷி” என்று கோழி, மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றி இறைச்சி கிடக்கலாம். தெருவோரம் சுடச்சுடக் கிண்ணத்தில் தரும் டக்காக்காவில் உலர்ந்த இறால் உண்டு.

நம்பிச் சாப்பிட ஒன்று சொல்கிறேன். துறைக்குப் பக்கத்தில், 1883-இல் திறந்த இரும்புக் கூரைச் சந்தை இருக்கிறது. அதன் சிற்றுண்டிக் கடையில் “ஷீஸ் கபொகின்யோ” கேளுங்கள். சூடான ரொட்டிக்குள் உருகிய பாலாடைக்கட்டி, துகுமான் பழத்தின் ஆரஞ்சு நிறச் சீவல், பொரித்த நேந்திரம் மாதிரி ஒரு வாழை. மீன் கடைகளில் உப்புக்கண்டம் போட்ட பிரருக்கு மீனைப் பாய் போலச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். அந்த வாசனை ஆகாதவர்கள் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ஆற்றோரம் வந்து சாப்பிடுங்கள்.