மூன்று பேர் சேர்ந்து 'தி ஃபைனல்ஸ்' ஆடலாமா?

கேள்வி: நானும் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் வேலை பார்க்கிறோம். ராத்திரியில் சேர்ந்து ஆட ஒரு கேம் தேடுகிறோம். 2023 டிசம்பரில் வந்த 'தி ஃபைனல்ஸ்' என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இலவசம்தானாம். ஒருத்தர் பிரமாதம் என்கிறார், இன்னொருத்தர் எரிச்சலில் அழித்தே விட்டாராம். பதிவிறக்கலாமா?

பதில்: தாராளமாக இறக்குங்கள். நீங்கள் சரியாக மூன்று பேர், இந்த ஆட்டத்தின் முக்கிய வகையில் ஒரு அணிக்கும் மூன்று பேர்தான்.

எத்தனை பேரைச் சுட்டோம் என்பதை வைத்து அந்த வகையில் ஜெயிக்க முடியாது. பெட்டகத்தைத் திறந்து, பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில் போட்டு, அது எண்ணி முடிக்கும்வரை காவல் காக்க வேண்டும். கடைசி நொடியில் வேறொரு அணி வந்து தட்டிப் பறித்தால் பணம் மொத்தமும் அவர்களுக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டடங்கள் உடையும் விதம். சுவர், மாடிப்படி, தரை எல்லாம் உடையும். இரண்டாவது மாடியில் எதிரணி இயந்திரத்தைச் சுற்றி அரண் கட்டி உட்கார்ந்திருக்கிறதா? கீழ்த்தளத்துக்குப் போய் கூரையை வெடி வைத்துத் தகர்த்தால் இயந்திரம் உங்கள் காலடியில் வந்து விழும். இந்த இடிபாட்டுக் கணக்கு நம் கணினியில் இல்லாமல் ஆட்டத்தை நடத்தும் சர்வரில் நடப்பதால் ஆடுகிற எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இதைச் செய்த ஸ்டாக்ஹோமின் எம்பார்க் நிறுவனத்தில் 'பேட்டில்ஃபீல்டு' என்ற போர் கேம் வரிசையைச் செய்த பழைய ஆட்கள் பலர் இருக்கிறார்கள், அந்தக் கைப்பழக்கம் நன்றாகவே தெரிகிறது.

சரி, எரிச்சலானவர் சொல்வதும் பொய்யில்லை. ஆடுபவர் எடுக்கும் ஆளில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று உடல் வகை உண்டு. லைட் வகை ஆள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து, ஸ்டன் துப்பாக்கியால் உங்களை முடக்கி, நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளை முடித்துவிடுகிறார், அந்த நேரத்தில் நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை என்பதுதான் கடுப்பு. முதல் சீசனில் மீடியம் வகைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரையே பார்க்கும் சக்தி கொடுத்திருந்தார்கள், ஒளிந்து திட்டம் போடுகிற ஆட்டத்தில் அது இருக்கவே கூடாது. ஏமாற்றுக்காரர்கள் தொல்லையும் உண்டு. வர்ணனைக் குரல்கள் பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கியவை. குரல் கலைஞர்கள் அதை எதிர்த்தது நியாயம் என்றே நினைக்கிறேன், இவ்வளவு உயிரோட்டமான ஆட்டத்துக்கு அந்தக் குரல்கள் பொருந்தவும் இல்லை.

ஆனால் இதெல்லாம் முதல் சீசனில் பார்த்த குறைகள். துப்பாக்கியின் பலத்தையும் ஒரு சக்தியின் நேரத்தையும் ஒரு அப்டேட்டில் மாற்றிவிடலாம், இப்படி இடிந்து விழும் நகரத்தை அப்டேட்டில் கொண்டுவர முடியாது. கஷ்டமான வேலையை முடித்துவிட்டார்கள் என்பதால்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஒன்று மட்டும், தனியாகப் போய் ஆடாதீர்கள். முன்பின் தெரியாத, மைக் போடாத இரண்டு பேரோடு சேர்ந்தால் இதே ஆட்டம் வெறும் ஓட்டமாகிவிடும். உங்களில் ஒருவர் குணப்படுத்தும் கருவியும் விழுந்தவரை எழுப்பும் டிஃபிப்ரிலேட்டரும் வைத்த மீடியமாக இருக்கட்டும், ஒருவர் சுவரை இடிக்கும் ஹெவி, மூன்றாமவர் இஷ்டம். முதலில் குவிக் கேஷ் என்ற சின்ன ஆட்ட வகையை ஆடிப் பழகுங்கள், பல சுற்றுகள் கொண்ட டோர்னமென்ட் பக்கம் அப்புறம் போகலாம்.